பழைய லீவர் எஸ்பிரெசோ மெஷின்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

லீவர் மெஷின் என்றால் நீளக் கைப்பிடியால் (லீவர்) பிஸ்டனை இயக்கி, வெந்நீரைக் காபித்தூள் வழியே தள்ளும் எஸ்பிரெசோ மெஷின். பழையது ஒன்று கைக்கு வந்ததும் பலர் முதலில் தேடுவது புது ஹீட்டர். பெரும்பாலும் ஹீட்டரில் ஒன்றும் இருக்காது. ரப்பர் காய்ந்திருக்கும், உப்பு படிந்திருக்கும், எங்காவது ஒரு நட் தளர்ந்திருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு கோளாறுக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்து, பர்ஸைத் திறக்க வேண்டியதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

இதில் சொல்வது பெரும்பாலும் கையால் நேரடியாக அழுத்தும் வகைக்கு. 1961-ல் வந்த லா பவோனி யூரோபிக்கோலா, 1967-ல் வந்த ஒலிம்பியா கிரெமினா எல்லாம் இந்த வகை. எலெக்ட்ரா மைக்ரோகாசா மாதிரி ஸ்பிரிங் வைத்த வகைக்கு (லீவரை இறக்கினால் ஸ்பிரிங் அழுந்தும், பிறகு அந்த ஸ்பிரிங்கே பிஸ்டனைத் தள்ளும்) எது மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## ஸ்குரூடிரைவரை எடுப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பழைய வயரிங்கில் சுவிட்ச் எந்தக் கம்பியை வெட்டுகிறது என்று வெளியே இருந்து சொல்ல முடியாது.

நீராவிக் குழாயைத் திறந்து அழுத்தம் முழுக்க இறங்கவிடுங்கள். திறந்தபடியே ஆறவிடுங்கள். மூடி வைத்து ஆறவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பாய்லர் மூடி இறுகிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அதைத் திறக்கப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும்.

கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும், முக்கியமாக ரப்பர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதை, போனில் படம் எடுத்து வையுங்கள். மிகப் பழைய மெஷினில் சாம்பல் நிறத்தில் நார் நாராக கேஸ்கெட் (இணைப்பில் கசியாமல் அடைக்கும் வளையம்) இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள். அந்த இணைப்பை அப்படியே விட்டுவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

## சுவிட்சைப் போட்டால் சூடே ஆகவில்லை

விளக்கும் எரியவில்லை என்றால்: பிளக் பாயின்ட்டில் வேறு ஏதாவது ஒன்றைச் செருகிப் பாருங்கள். அடுத்தது பியூஸ், பிளக்குக்குள் அது இருந்தால். அடுத்தது வயர், மெஷினுக்குள் நுழையும் இடத்தில் மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருக்கும். கடைசியாக சுவிட்ச். பியூஸ், வயர், சுவிட்ச் மூன்றையும், பிளக்கைப் பிடுங்கிய நிலையில், மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு அறுந்திருக்கிறதா என்று காட்டும் நிலை) வைத்தே பார்த்துவிடலாம்.

விளக்கு எரிகிறது, தண்ணீர் மட்டும் குளிர்ச்சி என்றால்: அடிமூடியைக் கழற்றி, ஹீட்டர் பக்கத்தில் சின்ன பட்டன் வைத்த தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் இல்லாமல் பாய்லர் காய்ந்தால் மின்சாரத்தைத் துண்டிப்பதற்காக வைத்தது அது. அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும், வேலை முடிந்தது. ஆனால் அது மறுபடி மறுபடி விழுந்தால் பட்டனைக் குறை சொல்லாதீர்கள். ஹீட்டர் மேல் உப்பு தடிமனாகப் படிந்து சூடு தண்ணீருக்குப் போகாமல் தேங்குகிறது.

அது சரியாக இருந்தால், அழுத்தம் போதுமான அளவு ஏறியதும் ஹீட்டரை அணைக்கும் பிரஷர் சுவிட்சைப் பாருங்கள். மெஷின் ஆறிய நிலையில் அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே இணைப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே தொடும் இடம் கருகியிருக்கிறது. அதைத் தேய்த்துச் சரி செய்ய முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

இதையெல்லாம் தாண்டிய பிறகுதான் ஹீட்டர். அதன் வயர்களைக் கழற்றிவிட்டு இரண்டு முனைகளுக்கும் நடுவே மின்தடையை அளந்து பாருங்கள். 230 வோல்ட்டில் ஓடும் 1000 வாட் ஹீட்டர் என்றால் சுமார் 53 ஓம், 800 வாட் என்றால் சுமார் 66 ஓம். 120 வோல்ட் நாட்டு மெஷினில் 1000 வாட்டுக்குச் சுமார் 14 ஓம். சில பழைய மாடல்களில் ஒரே ஹீட்டருக்குள் பெரிய காயில், சின்ன காயில் என்று இரண்டு இருக்கும். தனித்தனியாக அளந்து பாருங்கள். மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்துவிட்டது.

எப்போது வெளியே கொடுப்பது: காயில் அறுந்து, அந்த ஹீட்டர் மரை போட்டுப் பாய்லருக்குள் திருகிய வகையாக இருந்தால். பல ஆண்டுகள் சூட்டில் இறுகிய மரை அது. அதற்கென்று பெரிய ஸ்பேனர் வேண்டும், பாய்லரை நசுக்காமல் பிடிக்க ஏற்பாடு வேண்டும். வீட்டு ஸ்பேனரால் முறுக்கினால் ஹீட்டருக்கு முன்னால் பாய்லர் முறுக்கிக்கொள்ளும். போல்ட் போட்டுப் பூட்டிய வகை என்றால் நீங்களே மாற்றலாம்.

## போட்டதும் வீட்டு மின்சாரமே ட்ரிப் ஆகிறது

போட்ட நொடியிலேயே விழுந்தால்: உள்ளே ஏதாவது வயர் உறை வெடித்து உடம்பைத் தொடுகிறதா என்று பாருங்கள். பழைய ரப்பர் உறை தொட்டாலே பொடிப்பொடியாக உதிரும். உதிர்ந்தால் ஒரு வயரோடு நிறுத்தாமல் எல்லா வயரையும் சூடு தாங்கும் சிலிகான் உறை வயராக மாற்றிவிடுங்கள்.

சில நிமிடம் கழித்து, சூடேறும்போது விழுந்தால்: தண்ணீர் கசிந்து மின்முனைகள் மேல் விழுகிறது. அடித்தட்டில் வெள்ளையாகவோ பச்சையாகவோ கோடு இறங்கியிருக்கும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் ஹீட்டர் கேஸ்கெட்டில் போய் நிற்கும். கேஸ்கெட்டை மாற்றுங்கள்.

நெடுநாள் சும்மா இருந்த மெஷின் என்றால்: ஹீட்டருக்குள் இருக்கும் காப்புப் பொடி ஈரத்தை இழுத்திருக்கும். மெதுவாகச் சூடேற்றி உலர்த்தினால் சில சமயம் மீண்டுவிடும். ஆனால் மீண்டுவிட்டதா என்பதை மல்டிமீட்டர் சொல்லாது. காப்பை 500 வோல்ட்டில் சோதிக்கும் மெகர் என்ற கருவி வேண்டும், அது எலெக்ட்ரீஷியனிடம் இருக்கும்.

எர்த் வயரைக் கழற்றிவிட்டால் ட்ரிப் ஆகாது என்று யாராவது யோசனை சொல்வார்கள். ட்ரிப் ஆகாதுதான். அடுத்து அந்த உலோக உடம்பைத் தொடுபவருக்குத்தான் ஷாக். இந்தக் கோளாறில் காரணம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மேற்கொண்டு நோண்டாமல் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## அழுத்தமானியின் முள் ஏறுகிறது, நீராவி இல்லை

பாய்லருக்குள் அடைபட்ட காற்றுதான் காரணம். குளிர்ந்த நிலையில் மூடும்போது உள்ளே இருந்த காற்று சூட்டில் விரிந்து முள்ளை ஏற்றிவிடும். பிரஷர் சுவிட்ச் அதை நம்பி ஹீட்டரை அணைத்துவிடும். தண்ணீரோ இன்னும் கொதிநிலைக்கே வந்திருக்காது.

மருந்து எளிது. முள் ஏறியதும் நீராவிக் குழாயைத் திறந்து, காற்று புஸ்ஸென்று போய் நிஜமான நீராவி வரும்வரை விட்டு மூடுங்கள். முள் இறங்கும், ஹீட்டர் மறுபடி பிடிக்கும். இரண்டாவது தடவை ஏறுவதுதான் உண்மையான அழுத்தம். இதைக் கோளாறு என்று நினைத்து பிரஷர் சுவிட்சின் திருகாணியைத் திருப்பிவிட்டவர்கள் உண்டு. பிறகு மெஷின் கொதித்துத் தள்ளும்.

## அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது

வழக்கமாக 0.7-க்கும் 1 பாருக்கும் நடுவே நிற்க வேண்டும். அதைத் தாண்டி ஏறினால் உடனே அணையுங்கள். பிரஷர் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய குழாயில் உப்பு அடைத்திருக்கலாம். ஆறிய பிறகு கழற்றி ஊதிப் பாருங்கள். அடைப்பு இல்லையென்றால் சுவிட்சின் முனைகள் ஒட்டிப் போயிருக்கின்றன, புதிது வேண்டும்.

பிரஷர் சுவிட்சே இல்லாத, இரண்டு சூட்டு நிலை வைத்த பழைய மாடலில் கதை வேறு. அதில் சேஃப்டி வால்வு சீறினால் 'போதும், சின்ன சூட்டுக்கு மாற்று' என்று அர்த்தம். அதைப் பார்த்துப் பயந்து வால்வை இறுக்குபவர்கள் இருக்கிறார்கள். எந்த மெஷினிலும் சேஃப்டி வால்வை இறுக்கவோ, அடைக்கவோ, டேப் சுற்றவோ கூடாது. சீற வேண்டிய நேரத்தில் அது சீறவில்லை என்றால் புது வால்வு போட்டு, அழுத்தம் வைத்துச் சோதிக்கத் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டுங்கள். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

## ஒழுகுகிறது

இதுதான் அடிக்கடி வருவது. எங்கிருந்து ஒழுகுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. உடம்பை உலரத் துடைத்து, சந்தேகப்படும் இணைப்புகளின் கீழே டிஷ்யூ துண்டு வைத்து, சூடேற்றிப் பாருங்கள்.

### போர்ட்டாஃபில்டர் விளிம்பில்

போர்ட்டாஃபில்டர் என்பது காபித்தூள் போட்டு மாட்டும் கைப்பிடிக் கிண்ணம். அது போய் உட்காரும் கேஸ்கெட்டில் பழைய காபித்தூள் கட்டியிருக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் கைப்பிடி வழக்கமான இடத்தைத் தாண்டிச் சுழல்கிறதா என்று கவனியுங்கள். தாண்டினால் கேஸ்கெட் இறுகித் தேய்ந்துவிட்டது. கூரான ஊசியால் குத்தி நெம்பி எடுங்கள். துண்டு துண்டாகத்தான் வரும், பரவாயில்லை. புதியதை வெந்நீரில் போட்டு இளகவிட்டுப் பொருத்தினால் சுலபமாக உட்காரும்.

### லீவர் கீழே இருக்கும்போது சல்லடையில் சொட்டினால்

நேரடி வகையில் லீவரைத் தூக்கினால் சல்லடை வழியே தண்ணீர் வரும். மெஷின் வேலை செய்யும் விதமே அதுதான். லீவர் முழுக்க கீழே இருக்கும்போதும் சொட்டினால்தான் பிஸ்டன் சீல், அதாவது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம், போய்விட்டது.

சீலை மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. அவசரப்பட்டால் மட்டும் கெடும். சல்லடையைக் கழற்றி, லீவரின் பின்களைத் தட்டி எடுத்து, பிஸ்டனைக் கீழ்ப்பக்கமாக இழுங்கள். பழைய சீலை வெட்டி எறிவதற்கு முன் விளக்கு வெளிச்சத்தில் அதன் மெல்லிய உதட்டைச் சுற்றிலும் பாருங்கள். சுற்றிலும் ஒரே சீராகப் பளபளவென்று தேய்ந்திருந்தால் வயதாகிவிட்டது, அவ்வளவுதான். ஒரே இடத்தில் மட்டும் நகத்தால் கிள்ளியது போல் வெட்டு இருந்தால் சிலிண்டர் சுவரில் ஏதோ அதைக் கிழிக்கிறது. சிலிண்டருக்குள் விரலைவிட்டு, தண்ணீர் நுழையும் துளைகளின் ஓரத்தைத் தடவுங்கள். உப்புக் கட்டியோ, உலோகப் பிசிரோ நெருடும். அதை எடுக்காமல் புது சீல் போட்டால் சீக்கிரமே அதே இடத்தில் அதே வெட்டு விழும்.

சிலிண்டருக்குள் ஸ்குரூடிரைவர், கத்தி எதையும் நுழைக்காதீர்கள். ஒரு கீறல் போதும், அப்புறம் எத்தனை சீல் மாற்றினாலும் ஒழுகும். உப்பை சிட்ரிக் அமிலம் நனைத்த துணியால் ஊறவைத்து எடுங்கள்.

கீழ் சீலின் குழிந்த பக்கம் கீழே, காபியைப் பார்த்து இருக்க வேண்டும். அழுத்தும்போது தண்ணீரே உதட்டை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும். மேல் சீல் எந்தப் பக்கம் என்பதற்கு முதலில் எடுத்த படத்தைப் பாருங்கள். உணவுத்தரமான சிலிகான் கிரீஸை மெல்லிசாகத் தடவி, பிஸ்டனைச் சாய்க்காமல் ஏற்றுங்கள். உதடு மடங்குகிற மாதிரி இருந்தால் மழுங்கிய பிளாஸ்டிக் துண்டால் சுற்றிலும் மெல்ல உள்ளே தள்ளுங்கள். வாசலின், சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம். வாசலின் சில ரப்பர்களை உப்ப வைக்கும், எண்ணெய் சூட்டில் பிசினாகும்.

ஸ்பிரிங் வகை என்றால் இந்தப் பகுதியைப் படித்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் அழுந்திய நிலையில் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அதை அடக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் திறந்தால் முகத்துக்கு வரும். கருவி உள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

### பிஸ்டன் தண்டைச் சுற்றி, மேலே

லீவர் மாட்டியிருக்கும் இடத்துக்குக் கீழே தண்ணீர் ஊறி வழிந்தால் தண்டின் சீல் போயிருக்கிறது. பிஸ்டனை எப்படியும் கழற்றுகிறீர்கள், இதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். தண்டில் பள்ளம் விழுந்திருந்தால் சீல் மாற்றுவது வீண், தண்டையே மாற்ற வேண்டும்.

### கண்ணாடிக் குழாயில்

பாய்லரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் குழாய் இது. மேல், கீழ் நட்டுகளைக் கையால் கால் சுற்று இறுக்குங்கள். நிற்காவிட்டால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்களை மாற்றுங்கள். ஸ்பேனரால் அழுத்தி முறுக்கினால் கண்ணாடி விரிசல்விடும், அதுவும் சூடேறிய பிறகு.

### பாய்லரும் குரூப்பும் சேரும் இடத்தில்

குரூப் என்பது பிஸ்டன் ஓடும், போர்ட்டாஃபில்டர் மாட்டும் தலைப்பகுதி. போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். நிற்கவில்லை என்றால் கேஸ்கெட்.

### நீராவிக் குழாய் நுனியில்

திருகை மூடிய பிறகும் சொட்டினால் வால்வு உட்காரும் இடத்தில் உப்பு. கழற்றி ஊறவைத்தால் பெரும்பாலும் போதும்.

### அடியிலிருந்து

ஹீட்டர் கேஸ்கெட். ட்ரிப் ஆகவில்லை என்றாலும் உடனே மெஷினை நிறுத்துங்கள், தண்ணீரும் மின்முனையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பாய்லர் உடம்பிலோ ஒட்டுப் போட்ட இடத்திலோ விரிசல் தெரிந்தால் வெல்டிங் தெரிந்த பட்டறைக்குப் போக வேண்டும். எபாக்ஸி பூசுவது அழுத்தத்துக்கு நிற்காது.

## லீவர் கைக்குச் சரியாக வரவில்லை

தளர்வாக, எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால்: அரைப்பு கரடுமுரடாக இருக்கிறது, அல்லது தூள் பழசு. இந்த இரண்டையும் சரி செய்யாமல் மெஷினைக் கழற்றாதீர்கள். அடுத்து, நேரடி வகையில் லீவரை முழுக்கத் தூக்கினீர்களா? தூக்கி 5 முதல் 10 விநாடி நிறுத்தினால்தான் சிலிண்டருக்குள் தண்ணீர் நிறையும். பாதி தூக்கினால் காற்றைத்தான் அழுத்துகிறீர்கள். இதெல்லாம் சரி, ஆனாலும் தளர்வு என்றால் சீல்.

இரும்பு மாதிரி இறங்க மறுத்தால்: தொங்காதீர்கள். லீவரின் முள்கரண்டிப் பகுதி வளையும், பின் தேயும். அரைப்பைக் கொஞ்சம் தடிமனாக்குங்கள், தூளைக் குறையுங்கள். அந்த நிலையில் போர்ட்டாஃபில்டரைக் கழற்றவும் கூடாது. உள்ளே தேங்கிய அழுத்தம் சூடான காபிச் சேற்றைச் சுவர் வரை அடிக்கும். அப்படியே சில நிமிடம் விட்டு, மெல்ல அசைத்து, அழுத்தம் கசிந்த பிறகு கழற்றுங்கள். ஸ்பிரிங் வகையில் இன்னும் மோசம்: லீவர் கீழே இருக்கும்போது போர்ட்டாஃபில்டரைக் கழற்றினால் எதிர்க்க ஒன்றுமில்லாமல் லீவர் மேலே பாயும். தாடை வழியில் இருந்தால் போச்சு.

கிறீச்சிட்டால்: கிரீஸ் காய்ந்துவிட்டது. பிஸ்டனுக்கும் பின்களுக்கும் தடவினால் தீரும்.

பக்கவாட்டில் ஆடினால்: பின்கள் தேய்ந்திருக்கின்றன. புதிது போட்டும் ஆடினால் பின் நுழையும் துளையே நீள்வட்டமாகிவிட்டது. லேத் பட்டறையில் புஷ் (துளைக்குள் போடும் உலோக வளையம்) போட வேண்டும்.

## முதல் கப் நன்றாக இருக்கிறது, மூன்றாவது கருகுகிறது

பழுது இல்லை, குரூப் சூடாகிவிட்டது. பாய்லரோடு நேரடியாக ஒட்டியிருப்பதால் ஓடஓட சூடு ஏறிக்கொண்டே போகும். குரூப் மேல் வெப்பநிலை காட்டும் ஸ்டிக்கர் ஒட்டினால் கண்ணால் பார்க்கலாம். 85-லிருந்து 95 டிகிரிக்குள் அழுத்துவது நல்லது. அதற்கு மேல் போனால் நனைத்த துணியை குரூப் மேல் சுற்றுங்கள், அல்லது அணைத்துவிட்டுக் காத்திருங்கள். முதல் கப்பே புளித்தால் நேர்மாறு: குரூப் இன்னும் ஆறியிருக்கிறது, காலி போர்ட்டாஃபில்டரை மாட்டி ஒருமுறை தண்ணீரை ஓடவிட்டுச் சூடாக்குங்கள்.

## தண்ணீரில் துகள், வாயில் உலோகச் சுவை

வெள்ளைத் துகள் என்றால் உப்பு. பித்தளை, செம்பு பாய்லருக்கு 1 லிட்டர் தண்ணீரில் 20 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, அழுத்தம் ஏறாமல் வெதுவெதுப்பாக்கி, அரை மணிக்குள் ஊற்றிவிடுங்கள். நன்றாக அலசி, ஒரு பாய்லர் தண்ணீரை நீராவிக் குழாய் வழியாகவும் குரூப் வழியாகவும் வெளியேற்றுங்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று விட்டால் பித்தளை இளஞ்சிவப்பாக மாறும். அதில் இருந்த துத்தநாகம் கரைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த உலோகம் பலவீனமானது.

பளபளப்பான செதில் வந்தால் உள்ளிருக்கும் முலாம் உரிகிறது. சிட்ரிக் அமிலம் அதை இன்னும் வேகமாக உரிக்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். முலாம் முழுக்க எடுக்கவோ புதிதாகப் போடவோ பட்டறை வேண்டும். அந்தச் செலவுக்கு அந்த மெஷின் தகுமா என்று அங்கேதான் யோசிக்க வேண்டும். சில நேரம் தகாது.

## ஒழுகல் நின்ற பிறகு என்ன சேர்க்கலாம்

கசியும் மெஷினில் புதுப் பாகம் மாட்டாதீர்கள். எல்லா சீலும் மாற்றி, சில நாள் ஓட்டி, அடித்தட்டு உலர்ந்திருப்பதைப் பார்த்த பிறகு ஆரம்பியுங்கள்.

காய்ந்தால் அணைக்கும் தெர்மோஸ்டாட் உங்கள் மாடலில் இல்லையென்றால் அதுதான் முதல் சேர்க்கை. பாய்லர் காலியானது தெரியாமல் ஒருமுறை விட்டால் ஹீட்டர் போகும். வயரை இடையில் வெட்டிச் சேர்க்கும் வேலை, எலெக்ட்ரீஷியன் சீக்கிரம் முடித்துக்கொடுப்பார்.

அடுத்தது அழுத்தமானி. பல மாடல்களில் கண்ணாடிக் குழாயின் மேல் முனையில் மாட்டும்படி கிடைக்கிறது. வெப்பநிலை ஸ்டிக்கரும் இதுவும் இருந்தால் பாதிக் கோளாறுகளை ஒழுகுவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். அடியில்லாத போர்ட்டாஃபில்டர் ஆசைக்கு. தூள் எங்கே சரியாக அழுத்தப்படவில்லை என்று காட்டும், மெஷினைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இரண்டு சூட்டு நிலை உள்ள பழைய மாடலுக்குப் பிரஷர் சுவிட்ச் பொருத்தலாம். ஹீட்டரின் முழு வாட்டையும் தாங்கும் சுவிட்சாக இருக்க வேண்டும், பாய்லரில் அதற்கு ஒரு மரைத்துளையும் வேண்டும். துளையில்லாத பாய்லரில் துளை போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாகம் வாங்கும் முன் வெர்னியர் காலிப்பரால் அளந்துவிடுங்கள். லா பவோனியில் 2000-ஐ ஒட்டி குரூப் மாறியது. முந்தையதற்கு 49 மி.மீ. பாஸ்கெட் (போர்ட்டாஃபில்டருக்குள் தூள் போடும் சல்லடைக் கிண்ணம்), பிந்தையதற்கு 51 மி.மீ. பிஸ்டன் சீல், கேஸ்கெட் எல்லாம் அதைப் பொறுத்தே வரும். மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் ஆண்டை மட்டும் நம்பி ஆர்டர் போடாதீர்கள். இடையில் யாராவது குரூப்பையே மாற்றியிருக்கலாம்.